இறங்கும்போதுதான் வலிக்கிறது

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் "இடுப்பு வலிக்குது" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "வயசாகுதுல்ல" என்று சொல்லிவிடுகிறார். மருந்துக் கடையில் சொல்கிறார்கள், ஆபீசில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். இருபது வயதுப் பையன் நாள் முழுக்கக் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து மறுநாள் தொடை வலிக்கிறது என்றால் மட்டும் "நல்லா ஆடியிருக்கான்" என்போம். அதே தொடை, அதே வலி, எனக்கு வந்தால் வயது. ரொம்ப நாளாகவே இது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இந்தப் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்து முடித்த பிறகு, சரி, இதில் எவ்வளவு வயது, எவ்வளவு வேறு விஷயம் என்று உட்கார்ந்து படித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் அம்மா வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஓட்டு வீடு, கூடத்துக்கு மேலே மரப்பரண். போகிக்கு முந்தின வாரம் பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கியாக வேண்டும், அது பாட்டி காலத்திலிருந்து வரும் வழக்கம். தவலை, பித்தளைக் குடம், இரண்டு உருளி, குத்துவிளக்கு, யாருமே இப்போது பயன்படுத்தாத இடியாப்பக் கட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய அண்டா. வழக்கமாகத் தம்பி வந்து இறக்கிக் கொடுப்பான். இந்த வருஷம் அவனால் வர முடியவில்லை, அதனால் வீட்டுக்காரர் ஏணியில் ஏறினார், நான் கீழே நின்று வாங்கினேன்.

அண்டாவை வாங்கியதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வந்த வலிக்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது. அவர் மேலே இருந்து விளிம்பைப் பிடித்துச் சாய்த்துக் கொடுப்பார், நான் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி அடிப்பாகத்தைத் தாங்குவேன், முழுப் பாரமும் என் கைக்கு வந்ததும் முழங்கையை மெதுவாக மடக்கி நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து, அப்புறம் முழங்காலை மடக்கி, குனிந்து, தரையில் சத்தம் வராமல் வைக்க வேண்டும். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு "மெதுவா, மெதுவா, ஒடுக்கு விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விளிம்பு முன்னங்கையில் பதிந்து சிவப்பாக ஒரு வரி விழுந்தது, ஒரு வருஷத்துத் தூசி கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. அண்டாவுக்கு அடுத்து தவலை, தவலைக்கு அடுத்து குடம். எல்லாம் இறங்கியதும் கொல்லையில் குந்தி உட்கார்ந்து புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்த்தோம், அடிபைப்பில் தண்ணீர் அடித்து அடித்துக் கழுவினோம், சாயங்காலம் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு கூடம் முழுக்க ஒட்டடை அடித்தேன். அன்றைக்கு ராத்திரி வலி ஒன்றுமே இல்லை. நல்ல அசதி, நல்ல பசி, படுத்ததும் தூக்கம்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தொடையில் லேசாக ஆரம்பித்தது. அதற்கும் மறுநாள், திங்கட்கிழமை ஆபீசில், மாடிப்படி ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் தெரிந்தது. முதல் படியில் காலை வைத்து உடம்பை இறக்கியதும் தொடையின் முன்பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. ஏறும்போது வலிக்காமல் இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது? வேலை செய்த அன்றைக்கு இல்லாத வலி இரண்டு நாள் கழித்து எங்கிருந்து வருகிறது?

இதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் பதில் தேடியிருக்கிறார். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் 1902இல், பழக்கமில்லாத வேலை செய்த தசையில் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிற வலி, வேலை செய்யும்போதே வருகிற களைப்பு வலியிலிருந்து வேறு என்று பிரித்துக் காட்டினார். தசைக்குள்ளே நுணுக்கமான கிழிசல்கள் ஏற்படுவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. இன்றைக்கும் அடிப்படை விளக்கம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. நுணுக்கமான சேதம், அதைச் சரிசெய்ய உடம்பு அனுப்புகிற அழற்சி, அதனால் அந்த இடத்து நரம்புகள் கூர்மையாகி, தொட்டாலே வலிக்கிற நிலை. இதெல்லாம் நடக்க நேரம் பிடிக்கிறது, அதனால்தான் வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்குகிறது. தசை கடுமையாக வேலை செய்யும்போது உண்டாகிற லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று ஜிம்மில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது சரியில்லை. வேலையை நிறுத்திய ஒரு மணி நேரம் போலவே அது ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும், திங்கட்கிழமை வரை உட்கார்ந்திருக்காது.

இறக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு பாரத்தைத் தூக்கும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. அதே பாரத்தை மெதுவாக இறக்கும்போது, கிணற்றில் குடத்தை விடுகிறவர் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் போல, தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலையில்தான் தசைக்கு மூச்சு வாங்காது, ஆனால் சேதம் அதிகம். மாடிப்படி இறங்குவது, மலை இறங்குவது, அண்டாவைச் சத்தமில்லாமல் தரையில் வைப்பது, குந்தி உட்காரப் போகும்போது உடம்பை மெதுவாகக் கீழே விடுவது, எல்லாம் இந்த வகை. பழனிக்கோ திருச்சி மலைக்கோட்டைக்கோ போய்விட்டு வந்து இரண்டு நாள் கழித்துத் தொடையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் ஏறியதைத்தான் குறை சொல்வார்கள். வலி பெரும்பாலும் இறங்கியதில் வந்தது.

சரி, இதில் வயது எங்கே இருக்கிறது?

அம்மாவைப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு என்னோடு சேர்ந்து குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள், அடிபைப்பு அடித்தாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கூடத்தைத் தானே கழுவிவிட்டாள். திங்கட்கிழமை ராத்திரி போன் செய்து "உனக்கு உடம்பு வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வலிக்கணும்? தினம் பண்றதுதானேடி" என்றாள்.

அவள் உடம்பு இரும்பு என்று நான் சொல்ல வரவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியாகிவிட்டது, குந்தி உட்கார்ந்தால் எழும்போது கையை ஊன்றித்தான் எழுகிறாள். மூட்டு வலி அவளுக்கு உண்டு, அது எப்போதும் உண்டு. ஆனால் எனக்கு வந்த இந்தத் தசை வலி அவளுக்கு வரவில்லை. தினமும் காலையில் குனிந்து வாசல் பெருக்கி, உட்கார்ந்து கோலம் போட்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டிருப்பவளுக்கு அன்றைய வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு முறை அண்டா தூக்குகிற எனக்கு அது முழுக்கப் புதிய வேலை. ஒரே வேலையை ஒரே நாளில் செய்த இரண்டு பேரில் வயதில் மூத்தவளுக்கு வலிக்கவில்லை என்றால், வலியை வயதின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

இதைத் தசை ஆராய்ச்சி செய்கிறவர்கள் நன்றாகவே நிரூபித்திருக்கிறார்கள். பழக்கமில்லாத வேலையை ஒரு தடவை செய்து வலி வந்து ஆறிவிட்டால், அதே வேலையை அடுத்த தடவை செய்யும்போது வலி மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த ஒரு தடவையின் பாதுகாப்பு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நிற்கும், ஆனால் ஒரு வருஷம் நிற்காது.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை ஆராய்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு ஆரம்பிக்கும்போது, கோடையில் வயல் வேலை இல்லாமல் இருந்த பெண்கள் முதல் இரண்டு மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறுவார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணும் அப்படித்தான், ஐம்பது வயதுக்காரரும் அப்படித்தான். சாயங்காலம் வெந்நீர் வைத்து இடுப்பில் ஊற்றிக்கொள்வார்கள், மறுநாள் மறுபடி இறங்குவார்கள். நாலாம் நாள் யாரும் இடுப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வலியைப் பார்த்து வயசாகிவிட்டது என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை, "இன்னும் பழகல" என்றுதான் சொல்வார்கள்.

அதற்காக "வயது வெறும் எண்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வயது நிஜம். முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. அதிலும் சட்டென்று பலம் கொடுக்கிற வேகத் தசையிழைகள்தான் அதிகம் சுருங்குகின்றன. கால் தடுக்கினால் விழாமல் சமாளிக்க உதவுவது அந்த இழைகள்தான். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பும் தசையும் சேர்ந்தே அடி வாங்குகின்றன. காயம் ஆறக் கூடுதல் நாள் பிடிக்கிறது. இருபது வயதில் கழுத்துப் பிடித்துக்கொண்டால் மறுநாள் சரியாகிவிடும், இப்போது ஒரு வாரம் இழுக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை, மறுத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் எது வயதால் வந்தது, எது வேலை செய்யாமல் விட்டதால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், அதுதான் ஆபத்து என்று நினைக்கிறேன். ஏனென்றால் "வயசாகிவிட்டது" என்று முடிவு செய்த மறுநிமிஷம் அடுத்த வாக்கியம் "இனிமே இதெல்லாம் தூக்காதே" என்பதுதான். தூக்காமல் இருந்தால் தசை இன்னும் குறையும், அடுத்த தடவை சின்னப் பாரத்துக்கே வலிக்கும், அப்போது அதையும் தூக்காதே என்பார்கள்.

1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் செய்த ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்கு இந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது. தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர், உடம்பில் பல வியாதிகள் உள்ளவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள், சும்மா பேருக்கு இல்லை, நிஜமாகவே கனமான எடை. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசைகூடக் கேட்டால் பதில் சொல்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் அந்தப் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது என்பதையும் அதே ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். நாலு வாரத்திலேயே இப்படியென்றால், ஒரு போகிக்கும் அடுத்த போகிக்கும் நடுவில் என் தோளும் தொடையும் எதையெல்லாம் இழந்திருக்கும்!

வலி இருந்த நாட்களில் என்ன செய்தேன் என்றும் சொல்கிறேன். வெந்நீரில் குளித்தேன், அமிர்தாஞ்சன் தடவினேன். 1893இலிருந்து நம் வீடுகளில் இருக்கிற அந்த மஞ்சள் பாட்டிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதில் இருக்கிற மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணர்கிற நரம்புகளைத் தூண்டுகிறது, அந்த உணர்ச்சி மேலோங்கி நிற்பதால் அடியில் இருக்கிற வலி கொஞ்சம் மறைகிறது. தசை ஆறுவது அதன் போக்கில்தான் ஆறும். வலி மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாத்திரையில் ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள், ஆனால் நம் ஊரில் சீட்டே இல்லாமல் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டு, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். உண்மையில் அதிகம் உதவியது நடைதான். வலிக்கிறதே என்று படுத்தால் எழும்போது இன்னும் பிடித்துக்கொள்கிறது, மெதுவாக ஒரு தெரு சுற்றி வந்தால் தளர்கிறது.

சாப்பாட்டையும் பார்க்க ஆரம்பித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடைக்கு ஐம்பது கிராம் போல. காலையில் இட்லி, மத்தியானம் சாதம், சாம்பாரில் அடியில் தங்கிய பருப்பு, ராத்திரி தோசை என்று போனால் அந்தக் கணக்கைத் தொடுவது சிரமம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் வாரத்தில் பாதி நாள் செய்கிறேன், வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்டு வாங்குகிறார்கள். முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் எல்லாம் அம்மா வீட்டிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. ருசிக்காகவே சாப்பிடுவேன், ஆனால் பலத்துக்கு அது மட்டும் போதும் என்று நினைக்க மாட்டேன்.

வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் வேலை எல்லோரும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அறுபத்தைந்துக்கு மேலானவர்கள் விழாமல் இருக்க, தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் பலப் பயிற்சியும் கலந்து வாரம் மூன்று நாள். நான் செய்வது ரொம்ப எளிது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, அப்புறம் முடிந்தவரை மெதுவாக உட்கார்வது, அந்த உட்கார்வதில்தான் கவனம் முழுக்க. அரிசிப் பையைத் தரையிலிருந்து எடுத்து மேடையில் வைத்து, மறுபடி தரையில் சத்தமில்லாமல் வைப்பது. பல் தேய்க்கும்போது சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பது. இந்தக் கடைசி விஷயம் 2022இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகு ஆரம்பித்தது. 51இலிருந்து 75 வயது வரை உள்ள ஆயிரத்து எழுநூறு பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லி, பிறகு பல வருஷம் கவனித்திருக்கிறார்கள். நிற்க முடியாமல் போனவர்களிடையே இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அதற்கு அர்த்தமில்லை, உடம்பு மொத்தமாக எப்படி இருக்கிறது என்று காட்டுகிற ஒரு அடையாளம். அம்மாவையும் நிற்கச் சொன்னேன், நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். "கொக்கா நான்?" என்று கேட்டுவிட்டு நின்று காட்டினாள்.

எல்லா வலியும் இப்படிச் சாதாரணமானதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை செய்து வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், அழுத்தினால் வலிக்கும், ஒரு வாரத்துக்குள் போய்விடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், கால் மரத்துப்போனால், நெஞ்சில் தொடங்கி இடது கைக்கு இறங்கி வியர்த்தால், அது பரண் சுத்தம் செய்த வலி என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடப்பது தினமும் நடந்தால் அதுவும் வேறு கதை.

எனக்கே தொடை, இடுப்பு, முன்னங்கை எல்லாம் அந்த வாரமே சரியாகிவிட்டது, வலது தோள்பட்டை மட்டும் இன்னும் சரியாகவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை பின்னும்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் விழிப்பு வருகிறது. தோள் மூட்டு இறுகிப்போகிற ஃப்ரோசன் ஷோல்டர் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். எனக்குப் போன வருஷ ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நின்றது. இதை வயசு என்று விடவும் மாட்டேன், பழகவில்லை என்று விடவும் மாட்டேன். எலும்பு மருத்துவரிடம் இந்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அன்றைக்குக் காலையிலேயே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து சர்க்கரையையும் பார்த்துவிடப் போகிறேன். அதுவரைக்கும் அரிசிப் பையை இடது கையில்தான் எடுக்கிறேன்.